சி பிளாக், நாலாவது மாடி

"உங்க ஃபைலைக் காணோம் சார்" என்று கட்டடக் கம்பெனியில் போன் எடுக்கும் பெண் சொன்னபோது நூலகருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து நிமிடம் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், இந்தக் கதையும் இருந்திருக்காது. அவருக்கு வந்தது ஆர்வம்.

"காணோம்னா? எந்த அலமாரியில வச்சீங்க?"

"அலமாரியிலயா?" அந்தப் பெண் ஏதோ புதுச் சொல்லைக் கேட்டவள் போல யோசித்தாள். "இங்கதான் சார். எங்கயாவது இருக்கும்."

பின்னால் இருந்த கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஃபைல்கள். தரையில், நாற்காலிகளில், ஓடாத ஏசியின் தலையில், தண்ணீர் கேனுக்கு அடியில். ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபைலை மடித்துச் செருகியிருந்தார்கள். அலமாரிகளும் இருந்தன. அவற்றில் கட்டட மாதிரி பொம்மைகளை அடுக்கியிருந்தார்கள். பொம்மை வீடுகளில் விளக்குக்கூட எரிந்தது.

நூலகர் முப்பத்திரண்டு வருடம் ஒரு கல்லூரி நூலகத்தைக் கட்டி ஆண்டவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. அந்த மூன்று மாதமாக அவர் கைக்கு அடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அறையைப் பார்த்ததும் அவரைக் கேட்காமலே கை சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டது.

"ஒரு ரெண்டு நாள் குடுங்க. நானே தேடி எடுத்துக்கறேன்" என்றார்.

"தாராளமா சார்" என்றாள் அந்தப் பெண். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்திருக்க வேண்டாம் என்று நூலகருக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

விஷயம் இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் இந்தக் கம்பெனியிடம் அவர் ஒரு வீடு வாங்கினார். சி பிளாக், நாலாவது மாடி. இரண்டு வருடத்தில் சாவி தருவதாகப் பேச்சு. சி பிளாக்கில் இன்றுவரை எழும்பியிருப்பது மூன்று மாடி. அதாவது அவருடைய வரவேற்பறை இருக்க வேண்டிய இடத்தில் இப்போது புறாக்கள் பறந்துகொண்டிருக்கின்றன. வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. தாமதமானால் வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. தரமாட்டோம் என்று கம்பெனியில் யாரும் சொல்லவும் இல்லை. சொன்னால் சண்டை போடலாம். "கண்டிப்பா தர்றோம் சார்" என்று சொல்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்று மாலை வீட்டில் விவரம் சொன்னார். வீடு என்பது பேச்சுக்குத்தான். மனைவியின் தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை. "ரெண்டு வருஷம்தானே அக்கா, அதுக்குப் போயி வாடகை குடுப்பியா?" என்று மைத்துனன்தான் வற்புறுத்தி அழைத்து வந்தான். மூன்றாவது வருடம் அவன் பேச்சைக் குறைத்தான். நாலாவது வருடம் அவன் மனைவி குறைத்தாள். ஐந்தாவது வருடம் ஓடுவதற்கு ஒரு டிரெட்மில் வாங்கினான். கீழே இடமில்லை என்று அதைக் கொண்டுவந்து இவர்கள் அறையில், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்தான். தினமும் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிவிட்டு வந்து, அக்கா அத்தான் தலைமாட்டில் நாற்பது நிமிடம் ஓடினான்.

"நான் பாட்டுக்கு ஓடறேன் அத்தான். நீங்க பாட்டுக்குத் தூங்குங்க" என்பான்.

நூலகரின் மனைவி வாயைத் திறந்து தம்பியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி, இரண்டு அறை, ஒரு சமையலறை. சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, ஒரு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. விற்கிறவர் மகள் வீட்டோடு போகப் போகிறார்.

"படுக்கிற ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்க" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "முப்பதாம் தேதி வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்காரு. இன்னைக்கு மூணு."

"ஃபைல் கிடைச்சா பத்து நாள்ல பணம் வந்துரும்" என்றார் நூலகர்.

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

மூன்று நாள் வேலை பார்த்தார். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுபோனார். பொம்மை வீடுகளை இறக்கி வைத்துவிட்டு, பிளாக் வாரியாக, மாடி வாரியாக, கதவு எண் வாரியாக அடுக்கினார். ஒவ்வொரு ஃபைலுக்கும் முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி எண் எழுதினார். அவ்வளவும் முடிந்தபோது தட்டுகளில் அங்கங்கே சில இடம் காலியாக இருந்தது. நூலகருக்குப் பல்லிடுக்கில் நார் சிக்கியது போல ஆகிவிட்டது.

"சில நம்பர் இல்லையேம்மா?"

"அதெல்லாம் வேற பீரோல இருக்கு சார்" என்றாள் போன் எடுக்கும் பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவருடைய சொந்த ஃபைல் கிடைத்தது. ஜன்னலில் செருகியிருந்தது அதுதான். எட்டு மாத மழையும் வெயிலும் அதில் இருந்தன. நீவித் தட்டிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் ஒல்லியான மனிதர். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவருக்கு அடிக்கடி வீட்டிலிருந்து போன் வரும். எழுந்து சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்று, "ஆயிடும்மா... ஆயிடும்னு சொல்றேன்ல" என்று கெஞ்சிவிட்டு வந்து உட்காருவார். இப்போதும் அப்படி உட்கார்ந்தவர், அடுக்கிய அறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொக்கிப்போனார்.

"சார், நீங்க மனுஷனே இல்ல சார்! இத்தன வருஷமா இங்க யாராலயும் முடியல."

"சந்தோஷம். ஃபைல் இதோ. செக் எப்ப?"

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அங்கதான் சார் ஒரு சின்னச் சிக்கல். இவ்வளவு நாளா எந்த ஃபைல் கைக்கு வருதோ அதுக்குச் செக் போடுவோம். வேற வழியில்ல பாருங்க. இப்ப நீங்க ஒழுங்கு பண்ணிட்டீங்க. மனு குடுத்த தேதிப்படி வரிசை போட்டு ஒரு லிஸ்ட்டும் வச்சிருக்கீங்க. அத வச்சிக்கிட்டு நான் எப்படி சார் அநியாயம் பண்றது?"

"லிஸ்ட்ல நான் எத்தனாவது?"

அவருக்கே தெரியும். அவர்தானே எழுதினார். நூற்றுப் பதினாலு.

"மாசத்துக்கு எத்தன செக் போடுவீங்க?"

"நல்ல மாசமா இருந்தா ரெண்டு சார்."

நூலகர் மனக்கணக்குப் போட்டார். நாலே முக்கால் வருடம் வந்தது. தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டது புரிந்தது. ஆனால் அவர் சளைக்கிற ஆள் இல்லை.

"எனக்கு முன்னால இருக்கிற நூத்திப் பதிமூணு பேர்ல எத்தன பேருக்கு இன்னும் பணம் வேணும்னு உங்களுக்குத் தெரியுமா? சிலர் வித்திருப்பாங்க. சிலர் மனசு மாறி வீடே வேணும்னு சொல்லலாம். கேட்டுப் பாத்தீங்களா?"

"நல்ல யோசனை சார்" என்றார் மேனேஜர். "யாரு போன் பண்ணிக் கேக்குறது?"

நாலு நாள் நூலகர் போன் பண்ணினார். போன் எடுக்கும் பெண் தன் மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்தாள். எதிர்முனையில் எல்லோரும் திட்டினார்கள். முதல் நாள் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்தில் அந்தப் பெண்ணோ, காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு, திட்டுக்கு நடுநடுவே "ஆமா சார்... நியாயம் சார்... கரெக்டா சொன்னீங்க சார்" என்று மனப்பூர்வமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு பொறுமைசாலி உண்டா என்று அவர் வியந்தார்.

நூற்றுப் பதிமூன்று பேரில் ஒருவர்கூட மனசு மாறவில்லை. விட்டது தொலைந்தது என்று மறந்துபோயிருந்த சிலருக்கு நல்ல ஞாபகம் வந்தது. ஒருவர் காலமாகியிருந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் என்பதால் ஆளுக்கு ஒரு மனுவாக மூன்று மனு போட்டார்கள். ஒரு இடம் மூன்று இடம் ஆயிற்று. இதுவரை மனுவே போடாதிருந்தவர்களில் பதினைந்து பேர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்கள். பதினைந்து பேருக்கும் அறுபது தாண்டியிருந்தது. மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை என்பது கம்பெனி விதி.

"இப்ப நான் எத்தனாவது?" என்றார் நூலகர்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றார் மேனேஜர், சங்கடத்தோடு. "உங்களுக்கு வயசு என்ன சார்?"

"அம்பத்தெட்டு."

"அடடா. இன்னும் ரெண்டே வருஷம் சார். பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க."

இதற்குள் தேதி பதின்மூன்று ஆகியிருந்தது. அன்று வீடு வாங்கியவர்கள் சங்கத்தின் தலைவர் ஆபீசுக்கு வந்தார். அவர் பல் டாக்டர். ஏ பிளாக், முதல் மாடி. கூடவே பத்துப் பேர், கையில் அட்டை, வாயில் கோஷம். வாசலில் காவலாளி வழக்கம்போல ஒவ்வொருவரையும் "எந்த பிளாக், எத்தனாவது மாடி?" என்று அக்கறையாக விசாரித்து உள்ளே விட்டார். உள்ளே வந்த பல் டாக்டர் முதலில் பார்த்தது நூலகரை. ஒரு கையில் சாவிக்கொத்து, காதில் பென்சில், மறு கையில் பல் டாக்டருடைய ஃபைல்.

"நீங்க எப்ப சார் இங்க சேந்தீங்க?"

"சேரல டாக்டர். என் ஃபைலத் தேட வந்தேன்."

"என் ஃபைல் ஏன் உங்க கையில இருக்கு?"

"உங்களுக்குக் காட்டலாம்னு எடுத்தேன். முதல் ரேக், முதல் தட்டு. எவ்வளவு சுலபமா எடுக்க முடியுது பாருங்க!"

பல் டாக்டர் பார்க்கவில்லை. "போன வாரம் எனக்குப் போன் பண்ணி, 'உங்களுக்குப் பணம் நிச்சயமா வேணுமா'ன்னு கேட்டது நீங்கதானே? குரல அன்னைக்கே சந்தேகப்பட்டேன். நீங்க முதல் ஆளில்ல சார். இந்த ஆபீசுக்கு அடிக்கடி வந்தவங்க யாரும் நம்ம பக்கம் திரும்பினதில்ல."

அன்று மாலைக்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நூலகர் நீக்கப்பட்டார். நீக்குமுன் பதினெட்டுப் பேர் அவரைத் திட்டிப் போட்டிருந்த செய்திகளை அவர் மனைவி வரிசையாகப் படித்துக் காட்டினாள்.

"கம்பெனி கைக்கூலியாம். என்னங்க கூலி குடுத்தாங்க?"

"டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றார் நூலகர் உண்மையாக.

கெட்ட பெயரைத் துடைக்க ஒரே வழிதான் தெரிந்தது. சங்கத்துக்காக ஒரு நோட்டீஸ் எழுதினார். இரண்டு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு கேள்வி. ஒவ்வொன்றும் கண்ணில் விரலை விட்டு ஆட்டும் கேள்வி. என்ன தேதியில் என்ன வாக்கு, எந்தப் பக்கத்தில் எந்த வரி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஃபைல் முழுக்க அவர் கையால் அடுக்கியதாயிற்றே. கடைசியில், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நீதிமன்றம் என்று முடித்தார். பல் டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கைகொடுத்தார். குழுவில் மட்டும் சேர்க்கவில்லை. இருநூறு பேர் அதே நோட்டீசைப் பெயரை மாற்றிக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். இருநூறில் ஒன்று நூலகருடையது.

பதினெட்டாம் தேதி மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். மேசை தெரியாமல் நோட்டீஸ் குவிந்திருந்தது.

"இத யாரு சார் எழுதினது?"

"நான்தான்" என்றார் நூலகர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மேனேஜர் அதை முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை படித்தார். அவர் கண் லேசாகக் கலங்கியது போல இருந்தது. "பிரமாதம் சார். பேர் எழுதாத காப்பி ஒண்ணு கிடைக்குமா? எனக்கு வேணும்."

வஞ்சப்புகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார் நூலகர்.

"ஆனா ஒண்ணு சார்" என்றார் மேனேஜர். "வக்கீல் இப்ப புதுசா ஒரு கல்லத் தூக்கிப் போட்டிருக்காரு. இருநூறு நோட்டீசுக்கும் பதில் போற வரைக்கும் ஒரு செக்கும் வெளிய போகக் கூடாதாம். இந்த மாசம் போட வேண்டிய ரெண்டு செக்கும் நின்னு போச்சு. இங்க பதில் எழுதத் தெரிஞ்ச ஆள் யாரு இருக்கா? எனக்கு 'கண்டிப்பா தர்றோம்'ங்கிற ஒரு வரிதான் எழுத வரும்."

"அப்ப என் பணம்?"

"பதில் போனாத்தான் சார் வரிசையே நகரும்."

நூலகர் பேனாவை எடுத்தார். எடுக்கும்போது ஒரே எண்ணம்தான்: சீக்கிரம் முடித்து வரிசையை நகர்த்தவேண்டும். மேனேஜர் கேட்டதும் இரண்டு வரிதான். ஆனால் ஒரு கேள்வியைப் பதில் இல்லாமல் விடுவது அவர் பிறவியிலேயே இல்லை. கேள்வி வேறு அவருடையது. அதற்கு எங்கே வலிக்கும், எங்கே வழுக்கும் என்று அவருக்குத்தானே தெரியும்? பன்னிரண்டு கேள்விக்கும் பன்னிரண்டு பதில் எழுதினார். ஒவ்வொரு பதிலும் மரியாதை குறையாமல் கேள்வியைத் தூக்கிக் கீழே போட்டது. எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை அவர் வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. ஆறு மணிக்கு ஓடியது போதாதென்று அன்று மைத்துனன் விடுமுறை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். மனைவி உறையைக் கிழித்தாள்.

"பதில் வந்திருக்குங்க!" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். உரக்கப் படிக்கப் படிக்கக் குரல் இறங்கிற்று. "'தங்கள் பொறுமையே இந்நிறுவனத்தின் அஸ்திவாரம்...' பொறுமையா? 'நாலாவது மாடி என்பது மூன்றாவது மாடி முடிந்த பிறகே எழக்கூடியது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.' அட பாவி! 'அவசரம் என்பது ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாத சொல்.' எவன்டா இவன்? இவன் நாக்குல நல்ல வார்த்தையே வராதா? இவனுக்கு வீடு வாசல் இல்ல? பொண்டாட்டி இல்ல?"

"எழுத்து கொஞ்சம் சுத்தமா இருக்கு இல்ல?" என்றார் நூலகர். வாயை அடக்க முடியவில்லை.

"நாலாவது பத்தி நீளம் அத்தான்" என்றான் மைத்துனன், ஓட்டத்தை நிறுத்தாமல்.

மனைவி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். மேல் மூலையில் பென்சிலால் கடித எண் எழுதியிருந்தது. ஒன்பதுக்கு வாலைச் சுழித்து எழுதுகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். முப்பது வருடமாக அவள் மளிகைச் சீட்டில் பார்க்கும் ஒன்பது அது.

அவள் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருஷமா இந்த வீட்டுல ஒரு துணி காயப் போடறதுக்கு நான் தம்பி பொண்டாட்டி மூஞ்சப் பாத்துட்டு நிக்கறேன்" என்றாள். "விருந்தாளி வந்தா என்னக் கீழ வரவேண்டாம்னு சொல்றாங்க. உங்ககிட்ட சொல்லல. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. நீங்க அங்க போயி உட்காந்து, எனக்கே பதில் எழுதி அனுப்பறீங்க."

டிரெட்மில் நின்றது. மைத்துனன் துண்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனான்.

நூலகருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. "நாளைக்குப் போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்றார்.

"நீங்க போனா நாற்காலியத் துடைச்சிட்டு வருவீங்க" என்றாள் அவள். "நானும் வரேன்."

நாளைக்கு என்றது இருபத்தொன்பதாம் தேதிதான் முடிந்தது. சேர்மன் ஊரில் இல்லை, மேனேஜருக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் கடத்தினார்கள். மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு இருவரும் ஆபீஸ் படியேறினார்கள். வாசலில் காவலாளி நூலகருக்கு ஒரு சல்யூட் வைத்தார். அதைப் பார்த்து மனைவியின் முகம் இன்னும் கடுத்தது.

உள்ளே போன் எடுக்கும் பெண் எழுந்து நின்றாள். கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார், கையில் ஒரு உறை. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"வாங்க சார், வாங்கம்மா. உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். சேர்மன் கையெழுத்துப் போட்டுட்டாரு!"

மனைவி கணவரைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் அந்தப் பழைய வீடு, தாழ்ப்பாளோடு, வந்து போயிற்று. நூலகர் உறையைப் பிரித்தார். உள்ளே காசோலை இல்லை. ஒரு கடிதம் இருந்தது. ஆவணக் காப்பாளராக மாதச் சம்பளத்தில் அவரை நியமித்திருந்தார்கள். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. ஞாயிறு விடுமுறை.

"பணம்?" என்றார் நூலகர்.

"அது வரிசைப்படி வரும் சார்."

நூலகர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவிக்குப் பேச்சு வந்தது. ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது.

"நீங்கள்லாம் மனுஷங்கதானா? வாழ்நாள் பூரா சேத்த பணத்த உங்ககிட்டக் குடுத்துட்டு, ஒண்டுக்குடித்தனமா அடுத்தவங்க தயவுல கெடக்கறோம். நாளைக்குப் பணம் கட்டலன்னா கைக்கு வந்த வீடும் போயிடும். பணத்தக் கேட்டா டீ குடுக்கறீங்க. நோட்டீஸ் அனுப்பினா என் புருஷன வச்சே எனக்குப் பதில் எழுதறீங்க. இப்ப வேலையும் குடுக்கறீங்க! ராத்திரி படுத்தா தூக்கம் வருதா உங்களுக்கு? ஏங்க, அந்த ஃபைல எடுங்க. இவங்க மூஞ்சியிலயே விட்டெறியறேன்."

"ரெண்டாவது ரேக், மூணாவது தட்டு" என்றார் நூலகர் தன்னையறியாமல்.

"சும்மா இருங்க!" அவள் மேசையைத் தட்டினாள். பேனா ஸ்டாண்ட் உருண்டு விழுந்தது. "ஒரு வீட்டுக்குப் பணத்தக் கட்டிட்டு, அது என்னைக்கு வரும்னு வானத்தப் பாத்துட்டு நிக்கறவங்களோட வேதனை, இந்த ஆபீசுல இருக்கிற ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது தெரியுமா?"

யாருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. போன் எடுக்கும் பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார். அவருடைய போன் அடித்தது. திரையில் வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் அணைத்தார்.

காவலாளி வாசலிலிருந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நூலகரின் மனைவி பக்கத்தில் போட்டார்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர் மெதுவாக. "நான் பி பிளாக் ரெண்டாவது மாடி, போன் எடுக்கிற மேடம் ஏ பிளாக் ஆறாவது மாடி, மேனேஜர் சாருக்கு எட்டாவது மாடியில மூலை வீடு, பணத்தத் திருப்பிக் கேட்டு வந்து இப்படி ஒரு நாள் கத்தாம, இந்த ஆபீசுல இதுவரைக்கும் யாருமே வேலைக்குச் சேந்ததில்ல."